பேர் வெட்டுப்பட்ட அட்டை

ஒரு வீட்டுச் சமையலறை அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் புளி ஜாடிக்கும் நடுவே ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. பிஸ்கட்டைத் தின்று தீர்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. இப்போது அதற்குள் மருந்துகள் குடியிருந்தன.

அந்த வீட்டுக்காரி அமிர்தவல்லி தினமும் காலையில் டப்பாவைத் திறப்பாள். வெளிச்சம் உள்ளே விழுந்ததும், அடியில் நாலாக மடிந்து கிடக்கும் டாக்டர் சீட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோரையும் விசாரிக்கும். விசாரணை என்றால் மூன்றே கேள்விதான். உன் பேர் என்ன? உன் தேதி எதுவரை? நீ யாருக்கு?

"காய்ச்சல் மாத்திரை. அடுத்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும். காய்ச்சல் வந்தவங்களுக்கு" என்று காய்ச்சல் மாத்திரை கடகடவென்று ஒப்பிக்கும். அதற்கு எப்போதும் அவசரம்.

"இருமல் மருந்து. தேதி போன பொங்கலோட முடிஞ்சுபோச்சு. அதுக்கென்ன, ஆளு கெட்டியாத்தான் இருக்கேன்!" என்று பாட்டில் குலுங்கும்.

"கெட்டியாத்தான் இருக்கே. கழுத்து வரைக்கும் கெட்டியாயிட்டே" என்று சீட்டு சொல்ல, டப்பாவே சிரிக்கும்.

"பிரஷர் மாத்திரை. ரெண்டு வருஷம் இருக்கு. அமிர்தவல்லிக்கு. அவளுக்கு மட்டும்" என்று பிரஷர் மாத்திரை அட்டை பெருமையாகச் சொல்லும்.

அதன் பிறகு சீட்டின் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

"மூலையில யாரு?"

பதில் வராது.

மூலையில் ஒரு துண்டு அட்டை கிடந்தது. முன்னும் பின்னும் வெறும் வெள்ளித்தாள்; ஒரு எழுத்துகூட இல்லை. அதில் இரண்டு மாத்திரைகள் ஒட்டிப் பிறந்ததுபோல இருந்தன. சின்னதாக, வெள்ளையாக. ஒருவன் பெரியவன், மற்றவன் சின்னவன். அப்படித்தான் அவர்கள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். வேறு பேர் அவர்களுக்கே தெரியாது.

மற்ற மருந்துகள் அந்தப் பக்கம் போகாது. "அதுங்க பக்கத்துல படுத்தா சில்லுன்னு வருது" என்று காய்ச்சல் மாத்திரையே சொல்லும். காய்ச்சலுக்குப் பயப்படாதது அதற்குப் பயந்தது.

அந்த அட்டை ஒரு காலத்தில் முழுசாகத்தான் இருந்தது. அமிர்தவல்லியின் மாமனார் வைரக்கண்ணுவுக்குச் சர்க்கரை. காலைப் பலகாரத்துக்கு முன்னால் அட்டையைக் கையில் எடுத்து, "வாடா தம்பி" என்று ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொள்வார். வெளியூர் போகும்போது தேவையானதைக் கத்தரிக்கோலால் கத்தரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பேர் அச்சடித்த பக்கத்திலிருந்து கத்தரிப்பதுதான் அவர் வழக்கம். ஒருநாள் அப்படிக் கத்தரித்துக்கொண்டு போனவர், மிச்சம் இரண்டையும் எடுக்கத் திரும்பி வரவே இல்லை.

வீட்டில் அழுதார்கள். அவர் வேட்டி சட்டையை யாருக்கோ கொடுத்தார்கள். செருப்பைத் தூக்கிப் போட்டார்கள். கட்டிலைக் கழுவி வெயிலில் நிறுத்தினார்கள். பிஸ்கட் டப்பாவின் மூலையை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு வருவாரு பாரேன்" என்பான் பெரியவன், தினமும்.

"வர மாட்டாருன்னு நெனக்கிறேண்ணே" என்பான் சின்னவன்.

"வராம? நம்ம வேலை என்ன ஆகிறது? உள்ள போகணும், சர்க்கரையைத் துரத்தணும். எனக்கு அது ஒண்ணுதானேடா தெரியும்."

சின்னவனுக்குச் சில நாள் அண்ணனைப் பார்க்கவே பயமாக இருக்கும். பசியோடு இருப்பவன் மாதிரி இருந்தான் அவன்.

இதற்கிடையில் பிரஷர் மாத்திரை அட்டையில் குழிகள் ஒவ்வொன்றாகக் காலியாகி வந்தன. காலியான குழியெல்லாம் வாயைப் பிளந்தபடி கிடந்தது.

ஏழு மாத்திரை மிச்சம் இருந்தபோதே சீட்டு கத்த ஆரம்பித்துவிட்டது. "அமிர்தம், என்னை எடுத்துக்கிட்டு மெடிக்கலுக்குப் போம்மா! அடுத்த மாசத்துக்கு இப்பவே வாங்கி வெச்சுடு!"

மனிதர்கள் காதில் அது வெறும் காகிதச் சலசலப்பு. "இன்னும் ஏழு இருக்கே" என்று அமிர்தவல்லி மூடியைச் சாத்தினாள். நாலு இருக்கும்போது, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வாரம் நாத்தனார் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. அவள் புருஷன் சிங்காரம்தான் தாய்மாமன். சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை, பூ, பழம் என்று அவள் தலையில் ஆயிரம் வேலை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. தலைக்குக் குளித்து, புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். பிரஷர் மாத்திரை அட்டை முழுக்கக் காலி.

"ஏங்க, மாத்திரை தீர்ந்துபோச்சு!"

"நேத்தே சொல்லக் கூடாதா?" என்றபடி சிங்காரம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். "மெடிக்கல் பத்து மணிக்குத்தான் திறப்பான். பஸ்ஸு எட்டு மணிக்கு. நான் மடியில உட்கார வெச்சாத்தான் அங்க காதே குத்துவாங்க."

"இன்னும் ஒண்ணு இருக்குன்னு நெனச்சேன். ஒருநாள்கூட விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பழைய அட்டையில எதாச்சும் கிடக்கும், தேடிப் பாருங்க. சின்னதா, வெள்ளையா இருக்கும்."

சின்னதா, வெள்ளையா. அதைக் கேட்டதும் மூலையில் பெரியவன் துடித்தெழுந்தான்.

"நம்மளைத்தாண்டா கூப்பிடுறாங்க!"

"நம்மளை இல்லேண்ணே. பேசாம இரு."

சிங்காரத்தின் விரல்கள் டப்பாவுக்குள் இறங்கின. "நான் பெருசு, என்னை விடு" என்று காய்ச்சல் மாத்திரை ஒதுங்கியது. பிரஷர் மாத்திரையின் காலி அட்டை, அத்தனை வாய்களையும் திறந்து, "அவன் நான் இல்லை! அவன் நான் இல்லை!" என்று அலறியது. "பேரைக் கேளு! யாருக்குன்னு கேளு!" என்று சீட்டு, மடிப்பு கிழியக் கிழியக் கத்தியது. சிங்காரத்துக்குச் சரக் சரக் என்று ஏதோ கேட்டது. கரப்பான்பூச்சி போலிருக்கிறது என்று கையை உதறிக்கொண்டான். உதறிய கையில் துண்டு அட்டை இருந்தது.

"இதோ கிடைச்சுடுச்சு."

அமிர்தவல்லி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது அதுதானா? பேரே காணோமே."

"சின்னதா இருக்கு, வெள்ளையா இருக்கு. பேரைக் கேட்டு என்ன பண்ணப் போறே, சம்பந்தமா பேசப் போறோம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பிதுக்கினாள். பெரியவன் அவள் உள்ளங்கையில் விழுந்தான். "வரேண்டா தம்பி" என்று அவன் சந்தோஷமாகச் சொன்னான். "போகாதேண்ணே!" என்று சின்னவன் கத்தினான். ஒரு மிடறு தண்ணீர். அவ்வளவுதான்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்பேன்" என்றான் சிங்காரம்.

"காது குத்தினப்புறம்தான் அங்க பந்தி. வாங்க, நேரமாச்சு."

நாளைக்குள் கடைக்குப் போக முடியாவிட்டால் ஆகும் என்று, சின்னவன் இருந்த அட்டையைச் சிங்காரம் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பஸ்ஸில் நல்ல கூட்டம், நல்ல வெயில், டிரைவர் பாட்டு வேறு போட்டிருந்தார். அந்த இரைச்சலுக்கு நடுவே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமிர்தவல்லிக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. சின்னவனுக்கு மட்டும் கேட்டது.

"தம்பி."

"அண்ணே, எங்க இருக்கே?"

"உள்ள வந்துட்டேன். ஆனா ஆளைக் காணோமேடா. 'வாடா தம்பி'ன்னு யாரும் சொல்லலை. சந்தெல்லாம் வேற மாதிரி இருக்கு."

"அது அவர் உடம்பு இல்லேண்ணே. வேற வீடு. வெளியே வந்துடு!"

"வர்ற வழி நமக்கு ஏதுடா?" குரல் சாந்தமாக இருந்தது. அதுதான் பயங்கரம். "பரவாயில்லை. வேலை தெரியுமே. செய்யறேன்."

"அங்க துரத்துறதுக்குச் சர்க்கரையே அதிகம் இல்லேண்ணே. அவ காலையில ஒரு வாய்கூடச் சாப்பிடலை."

"இருக்கிறதைத் துரத்தறேன்."

அமிர்தவல்லி புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "என்ன புழுக்கம் இது" என்றாள். ஜன்னல் காற்று அவள் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

கோயில் மண்டபத்தில் மேளம் கொட்டியது. சிங்காரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து மருமகளை மடியில் வைத்துக்கொண்டான். "எங்கப்பா இருந்திருந்தா பேத்தியைப் பார்த்துப் பூரிச்சுப் போயிருப்பாரு" என்று யாரிடமோ சொன்னாள் அவன் தங்கச்சி.

"அவர் பேச்சு கேட்குது! இங்கதான் இருக்காரா?" என்றான் பெரியவன், அமிர்தவல்லிக்குள்ளிருந்து. "இதோ முடிச்சுட்டு வரேன்னு சொல்லு. இன்னும் ரெண்டு மூணு அறைதான் பாக்கி. ஒவ்வொரு விளக்கா அணைச்சுக்கிட்டே வரேன்."

"நிறுத்துண்ணே! காலைப் பிடிச்சுக்கிறேன், நிறுத்து!"

"நிறுத்தறது எப்படின்னு எனக்கு யாரும் சொல்லித் தரலையேடா."

சீர்த்தட்டோடு நின்ற அமிர்தவல்லியின் கை நடுங்கியது. வாழைப்பழம் ஒவ்வொன்றாகக் கீழே உருண்டது. புடவை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. தெரிந்தவர்களைத் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அப்படியே சரிந்தாள்.

ஆசாரி அப்போதுதான் குழந்தையின் ஒரு காதைக் குத்தியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவள் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "சர்க்கரை நாற்பதுகூட இல்லை. குளுக்கோஸ் ஏத்துங்க, சீக்கிரம்!" என்று கத்தினார். ஊசி இறங்கியது.

"தம்பி" என்று பெரியவன் கூப்பிட்டான், கொஞ்சம் திணறலோடு. "யாரோ வாசல் வழியா மூட்டை மூட்டையாக் கொண்டுவந்து கொட்டுறாங்கடா. துரத்தத் துரத்த வருது. அணைச்ச விளக்கெல்லாம் எரியுது."

"விட்டுடுண்ணே."

"விட முடியாது. என் பலம் இருக்கிற வரைக்கும் துரத்துவேன்."

அரைமணி நேரம் கழித்து அமிர்தவல்லி கண்ணைத் திறந்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"காது குத்தியாச்சா?"

"ஒரு காதுதான்" என்றான் சிங்காரம். சொல்லும்போதே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான்.

"பிழைச்சுக்கிட்டாங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா நாளைக்கு வரைக்கும் இங்கதான் இருக்கணும். உள்ள போனது இன்னும் அடங்கலை. சர்க்கரையை மறுபடி மறுபடி இறக்கும். காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"பிரஷர் மாத்திரைதாங்க. இந்தாங்க, மிச்சம் ஒண்ணு இருக்கு."

டாக்டரம்மா துண்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார்.

"இது பிரஷர் மாத்திரையா இருக்காது. உங்க வீட்டுல சர்க்கரை யாருக்கு?"

"யாருக்கும் இல்லீங்க" என்று ஆரம்பித்த சிங்காரம் பாதியில் நின்றான். "எங்கப்பாவுக்கு இருந்துச்சு."

"அவருக்கு ஒரு போன் போடுங்க. என்ன மாத்திரைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமே."

"அவர் செத்து ஒரு வருஷம் ஆச்சுங்க."

நர்ஸ் நோட்டின்மேல் பேனாவை வைத்தபடி காத்திருந்தாள்.

"சாப்பிட்ட மருந்துங்கிற இடத்துல பேர் என்னன்னு எழுதட்டும், டாக்டர்?"

டாக்டரம்மா இன்னொரு தரம் அந்த வெறும் வெள்ளித்தாளைப் பார்த்தார்.

"இவர் சொன்னதையே எழுதுங்க."

நர்ஸ் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதும்போது அவள் உதடு முணுமுணுத்ததைச் சின்னவன் கேட்டான்.

செத்தவருடைய மாத்திரை.