குடுவைகளை எண்ணிய கீரி

ஒரு காட்டில், மழை பிடித்தாலே பாதி வளைகள் தண்ணீரில் மூழ்கிப்போகும் ஒரு காட்டில், மருதி என்றொரு கீரி இருந்தது, பிள்ளைகளே. தானே எண்ணிப் பார்க்காமல் அது எதையும் நம்பாது.

வளை மூழ்கியவர்களுக்குப் பொதுக் களஞ்சியத்திலிருந்து தானியம் கொடுப்பது அந்தக் காட்டின் வழக்கம். இந்த வருஷம் எத்தனை வளை மூழ்கும், எவ்வளவு தானியம் சேர்த்து வைக்க வேண்டும் என்று பழைய மழைகளைப் பார்த்து முன்கூட்டியே சொல்பவருக்குக் கணிப்பாளர் என்று பெயர். போன வருஷம் கணிப்பாளராக இருந்த நரி வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தது. களஞ்சியம் பாதி மழையிலேயே காலி. மருதியின் தம்பி தங்கைகள் ஒன்பது நாள் பட்டினி கிடந்தன. அந்த அழுகையைக் கேட்ட அன்றே, கணிப்பாளர் ஆகியே தீருவது என்று மருதி முடிவு செய்துவிட்டது.

ஆனால் அது படித்துக்கொண்டிருந்த மலைக் கல்லூரியில் கணிப்புப் பாடமே இல்லை. இரண்டு வருஷம் வெறும் கணக்கு மட்டும் படித்தாயிற்று. இனி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும். காட்டுச் சட்டப்படி ஒரே ஒரு தடவைதான் மாறலாம். தப்பான இடத்தில் சேர்ந்தால் அதோடு போயிற்று.

வகுப்புத் தோழன் துடுக்கன் என்ற அவசரக் குரங்கையும் கூட்டிக்கொண்டு, முதலில் மயில் நடத்தும் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அடேயப்பா, என்ன வாசல், என்ன தோரணம். வாசல் பலகையில், அதுவரை கணிப்பாளர் தேர்வில் தேறிய நாற்பது பேரின் பெயர்கள். துடுக்கனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஐயா, நாற்பது பேர் தேறியிருக்கிறார்கள், சரி. எத்தனை பேர் சேர்ந்தார்கள்?" என்று கேட்டது மருதி.

மயில் தோகையை விரித்தது. "எங்கள் தோட்டத்தைப் பார்த்தாயா?"

"பார்த்தேன் ஐயா. எத்தனை பேர் சேர்ந்தார்கள்?"

"எங்கள் மண்டபத்தைப் பார்."

"நான் படித்த இரண்டு வருஷம் இங்கே செல்லுமா?"

"இங்கே எல்லோருக்கும் முதல் நாள் பாடத்திலிருந்துதான்," என்றது மயில்.

மருதி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனது. அங்கே சேருகிற ஒவ்வொருவரும் ஒரு சுரைக்குடுவையைக் கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டும். போகும்போது அதை எடுத்துப்போகக் கூடாது. மருதி புதுக்குடுவைகளை விட்டுவிட்டது. தூசி படிந்த பழையவற்றை மட்டும் எண்ணியது. நானூறு.

"படித்துவிட்டுப் போனவர்கள் நானூறு. பலகையில் நாற்பது. பத்துக்கு ஒன்றுதான், துடுக்கா."

"அழுக்குக் குடுவையை எண்ணிக்கொண்டு நிற்கிறாயே, உனக்கு வேறு வேலை இல்லையா? நான் இங்கேதான்," என்று துடுக்கன் சேர்ந்தேவிட்டது.

மருதி தனியே ஆற்றங்கரைக்கு நடந்தது. அங்கே நீர்நாய் நடத்தும் பல்கலைக்கழகம் ஒரு கீற்றுக்கொட்டகை. வாசலும் இல்லை, பலகையும் இல்லை.

"இதுவரை இருபது பேர் சேர்ந்தார்கள். பதினைந்து பேர் தேறினார்கள். உன் இரண்டு வருஷத்தில் ஒன்றரை வருஷம் செல்லும்," என்று பட்டென்று சொன்னது நீர்நாய். "தேறாத ஐந்து பேரும் அதோ, மறுபடி எழுதப் படிக்கிறார்கள். நம்பாவிட்டால் அவர்களையே கேள்."

மருதி விடுமா? கேட்டது.

"வாத்தியார் தாட்சண்யம் பார்க்கமாட்டார்," என்றது அவர்களில் ஒரு தவளை. "வாரம் தவறாமல் பழைய தேர்வுத் தாளை எழுத வைப்பார். தப்பு எங்கே என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுவார்."

பெயர் தெரியாத கொட்டகையிலா சேர்ந்தாய் என்று காடே சிரிக்குமே என்று மருதி கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் எண்ணியது எண்ணியதுதானே. அன்றே சேர்ந்துவிட்டது.

இரண்டாம் வருஷம் தேர்வு வந்தது. காட்டிலேயே முதலாவதாகத் தேறியது மருதி. துடுக்கன் அப்போதும் ஆரம்பப் பாடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நரியை விலக்கிவிட்டு மருதியைக் கணிப்பாளர் ஆக்கினார்கள்.

"இந்த மழைக்கு முந்நூறு வளை மூழ்கும். அதற்குத் தக்க தானியம் வேண்டும்," என்றது மருதி.

மழை கொட்டித் தீர்த்தது. மூழ்கியவை இருநூற்றுத் தொண்ணூற்றேழு. ஒரு குஞ்சுகூடப் பட்டினி கிடக்கவில்லை. மருதியின் தம்பி தங்கைகள் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் களஞ்சிய வாசலிலேயே உருண்டன. மருதிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

தானியம் வாங்க நின்றவர்களின் வரிசையில் கடைசியாக, நனைந்த தோகையோடு, கையில் ஒரு சுரைக்குடுவையோடு மயில் நின்றது. அதன் மண்டபமும் மூழ்கியிருந்தது.

"எப்படி அம்மா இவ்வளவு சரியாகக் கணித்தாய்?" என்று கேட்டது.

"உங்கள் கூடத்துக் குடுவைகளை எண்ணிப் பழகியதுதான், ஐயா," என்று சொல்லி, அந்தக் குடுவை நிறையத் தானியத்தை அள்ளிப் போட்டது மருதி.

நீதி: தேறியவர்களின் பெயரைப் பார்த்து மயங்காதே, சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுச் சேர்.