பொதிகை மலைச் சாவி

“பருப்பு மத்தைக் காணோம் மதினி. வாரம் பூரா கரண்டியாலதான் கடையுதேன்.”

லிஃப்டில் மங்கை அத்தை பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று மாலை எங்கள் பாளையங்கோட்டைக் குடியிருப்பில் பொங்கல் விழா. அத்தையின் கணவர் அம்பலவாணன் மாமா, தானே செய்த யாழை முதன்முதலாக மேடையில் வாசிக்கப் போகிறார்.

மேடைக்குப் பின்னால் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தேன். மாமா மடியில் பலாமர யாழ். கையில் தந்தி முறுக்க அவரே செய்த மரச்சாவி. ஒரு முனையில் சதுரத் துளை. பிடித்துத் திருகும் மறுமுனை உருண்டு, இதழ் இதழாகப் பிளந்திருந்தது. வார்னிஷ் பளபளத்தது.

“கடையில இரும்புச் சாவி கிடைக்காதா அண்ணாச்சி?” என்றார் குடியிருப்புச் செயலாளர் ஜெபராணி டீச்சர். “விளக்கு ஏத்துறதுக்குள்ள சுருதி சேரலைன்னா போன்ல பாட்டைப் போட்டுருவேன், ஆமா.”

“இரும்பு பட்டா நாதம் செத்துரும் டீச்சர். இது பொதிகை மலை உச்சியில இடி விழுந்தும் எரியாத மரம். வெட்டப் போன கோடாலி எல்லாம் மழுங்கிட்டு.”

“பெறகு எப்படி வெட்டுனீங்க?”

“வெட்டவா? அடியில நின்னு ஒரு பாட்டுப் பாடுனேன். கிளை தானா உதுந்துட்டு.”

“பாட்டு தாங்காம உதுந்திருக்கும்.”

மாமா அசரவில்லை. ஒரு தந்தியை முறுக்கினார், சுருதி சேர்ந்தது. “மொத நாளு மொட்டை மாடியில வச்சு லேசாத்தான் திருகுனேன். கொடிக்கயிறு அத்தனையும் விறைச்சு, காயப்போட்ட வேட்டியெல்லாம் வண்ணார்பேட்டையில போயி விழுந்துட்டு.”

“எங்க வீட்டுத் துண்டு அங்கதான் கெடக்கா?”

“கேளுங்க. அடுத்த திருகுக்கு கரண்டு கம்பியெல்லாம் இறுகிட்டு. உக்காந்திருந்த காக்கா பூரா தெறிச்சு இலங்கையில எறங்கிட்டு.”

நான் சிரிப்பை நாற்காலி துடைத்த துணியால் மறைத்துக்கொண்டேன். இன்னொரு தந்தியும் சேர்ந்தது. கடைசித் தந்தி மட்டும் பாக்கி. அந்நேரம் மங்கை அத்தை காபி பிளாஸ்க்குடன் உள்ளே வந்தார். மாமா அவரைக் கவனிக்கவில்லை.

“மூணாவது திருகுலதான் வம்பு. தண்டவாளம் இறுகி மெட்ராஸு நாங்குநேரி பக்கத்துல வந்துட்டு. ரயில் ஏறுன சனம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்குமுன்ன எழும்பூர்ல எறங்கிட்டு. ஒரே சண்டை.”

“இப்ப தூரமாத்தானே இருக்கு?”

“நான்தானே பெறகு தளத்தி விட்டேன்!”

“மெட்ராஸ் கெடக்கட்டும். கடைசித் தந்தியை முறுக்குங்க. விளக்குக்கு எண்ணெய் ஊத்தியாச்சு.”

மாமா வியர்வை துடைக்கச் சாவியைக் கீழே வைத்தார். அத்தை அதை எடுத்தார். இதழ்களை விரலால் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார்.

“இது எந்த மலை மரம்னீங்க?”

மாமாவின் துண்டு நெற்றியிலேயே நின்றது. “பொ… பொதிகை.”

“அங்க பெருங்காயமும் வெளையுதோ?”

டீச்சர் அடக்கமாட்டாமல் சிரித்தார். மாமா யாழைப் பார்த்துக் குனிந்துகொண்டார். வெளியே மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அத்தை மத்தை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து, யாழ் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.