பூவாயி கல்யாணத் தண்ணி

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு, பேரு பூவாயி. கை இருக்கே, அது ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. சோறு கொதிச்சா கிண்டுவா, தயிர் உறையுதான்னு விரலை விட்டுப் பாப்பா. ம் சொல்லு, அப்பத்தான் சொல்லுவேன்.

"ம்."

அவளுக்குக் கல்யாணம் வந்துச்சு. அன்னிக்குப் பாத்து மழை சோன்னு கொட்டி, குளம் கிணறெல்லாம் செம்மண்ணு கரைஞ்சு கிடக்கு. மாப்பிள்ளையோட அம்மா கறார்க்காரி. வந்து இறங்கினதும் பொண்ணு வீட்டுத் தண்ணி குடிக்கிறது அவங்க வழக்கம். கலங்கல் தண்ணி குடுத்தா வண்டியத் திருப்பிருவேன்னு சொல்லிவிட்டுட்டா. பூவாயிக்கோ மாப்பிள்ளை மேல கொள்ளை ஆசை.

அப்போ சமையல்கார மொக்கராசு மடியிலருந்து மூணு தேத்தாங்கொட்டை எடுத்தான். காட்டு மரத்துக் கொட்டை, கோலிக்குண்டு கணக்கா இருக்கும். ஒண்ண எடுத்துப் பானைக்கு உள்பக்கம் சொரக் சொரக்னு தேய்ச்சுத் தண்ணிய ஊத்தினான்.

"மண்ணு தானா அடியில படியும். ஆட்டாம விடு தாயி."

அப்புறம் என்ன, படிஞ்சிருச்சான்னு பூவாயி கையவிட்டா. சளக்! மண்ணெல்லாம் மேல வந்துருச்சு.

தண்ணிய மாத்தி, ரெண்டாவது கொட்டை. சொரக் சொரக். இந்தத் தடவை கையக் கட்டிக்கிட்டு நின்னா. ஒரு தும்பி வந்து தண்ணில உக்காந்துச்சு. அதை விரட்டுறேன்னு கரண்டியால ஒரு போடு. சளக் புளக்! சிரிக்காதடா, தூங்குற நேரம்.

அப்புறம் கடைசிக் கொட்டை. தூரத்துல மேளம் டும்டும்னு கேக்குது. பூவாயிக்கு அழுகையே வந்துருச்சு. ரெண்டு கையையும் கீழ வச்சு, அதுமேலயே ஏறி உக்காந்தா. மூக்கு அரிக்குது. ம்ஹூம். ஈ மொய்க்குது. ம்ஹூம். கண்ண மூடினா. அப்படியே சாஞ்சு தூங்கிப்போயிட்டா.

வண்டி வந்து நின்னுச்சு. மாமியார்க்காரி பானைய எட்டிப் பாத்தா, அவ மூக்குத்தி தண்ணிக்குள்ள பளிச்னு மின்னுது. ஒரு சொம்பு மொண்டு மடக் மடக்னு குடிச்சா. இதுகிட்ட எளநியே தோத்துச்சு போன்னா. மாப்பிள்ளை ஓடிப்போய் மேளக்காரர் கையப் பிடிச்சுக்கிட்டான்.

"மெதுவா அண்ணே, அவ முழிச்சா கலக்கிருவா."

முழிச்சுட்டாளே. தெளிஞ்சிருச்சான்னு கேட்டா, கை பானைக்குள்ள. சளக்! மாமியார் மூஞ்சியெல்லாம் சேறு. அந்தக் கறார்க்காரி வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா பாரு, சிரிச்சுக்கிட்டே தாலி எடுத்துக் குடுத்தா.

கதை அம்புட்டுத்தான். நீயும் ஆடாமக் கிட. உன் சேட்டையெல்லாம் அடியில படியட்டும், தூங்கு.