ஒப்படைத்த சோறு

இலந்தைக்குளத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருடமாக மதியச் சோறு போட்டது ஒரு வெளிநாட்டு நிறுவனம். வெள்ளிக்கிழமை மேடை கட்டி அந்த வேலையை அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. கல்வி அலுவலகமான கந்தோரின் அதிகாரி பொன்னாடையோடு நின்று, "திங்கட்கிழமை எங்கள் அரிசி வரும்" என்றார்.

திங்கட்கிழமை வந்தது. அரிசி வரவில்லை. அடுப்பில் உலைத் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

விறகு கொண்டுவந்த பொன்னுத்துரைக்கு இது புதிதல்ல. மூத்த மகள் வாழ்க்கைப்பட்ட நாவலடியிலும் போன வருடம் இப்படித்தான் ஒப்படைத்தார்கள். அரிசி வராத அன்று நிறுவனமே இரக்கப்பட்டு இரண்டு மூட்டை கொடுத்தது. நியாயம் கேட்கக் கந்தோருக்குப் புறப்பட்டு நின்ற பெற்றோர், பிள்ளைகள் சாப்பிட்டதைக் கண்டதும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். பிறகு மாதக்கணக்கில் அரசாங்க லொறி வரவில்லை. அங்கேயும் இதே அதிகாரிதான். பொன்னுத்துரை அதை மறக்கவில்லை. மறக்கிற எண்ணமும் இல்லை.

அந்த நேரம் பார்த்து, வேறு மாவட்டத்துக்கு அரிசி ஏற்றிய நிறுவன லொறி அந்த வழியால் வந்தது. அதில் இருந்த உத்தியோகத்தன் தவராசா, வெறும் தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளைகளைக் கண்டு தலையை நீட்டினான்.

"அண்ணை, ரெண்டு மூட்டை இறக்கவோ? நிறுவனத்திலை கேட்டா நான் சமாளிப்பன்."

"இறக்கு தம்பி," என்றாள் சமையல்காரி நாகேஸ்வரி.

"இறக்காதை!" பொன்னுத்துரை லொறிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "இண்டைக்கு நீ இறக்கினா அந்த அதிகாரி எண்டைக்கும் இறக்கமாட்டான். பிள்ளையள் தட்டோட கந்தோருக்கு நடக்கட்டும். பசியை அவன் கண்ணாலை பாக்கட்டும்."

"உங்கடை கோவத்துக்கு இந்தப் பிள்ளையளோ பட்டினி கிடக்கிறது? இந்த வெயிலுக்கை! விறகைப் போட்டிட்டு வாயைப் பொத்துங்கோ அண்ணை," என்றாள் நாகேஸ்வரி.

வரிசையில் அவருடைய பேத்தி சாருகா தட்டைக் கவிழ்த்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பொன்னுத்துரை அவளைப் பார்த்தார். கதவை விடவில்லை.

பிள்ளைகளுக்கு இன்றைக்கும் சோறு வேண்டும், நாளைக்கும் வேண்டும். சொல்லுங்கள் பார்ப்போம்: இறக்கு என்றவள் சரியா, இறக்காதே என்றவர் சரியா?

விடை: இறக்குவதே சரி. நாவலடியைக் கெடுத்தது பிள்ளைகள் உண்ட சோறு அல்ல, பெரியவர்கள் வீட்டுக்குத் திரும்பியதுதான். பசியோடு நடக்கவேண்டியவர் பொன்னுத்துரை, பேத்தி அல்ல. அவரும் அதைக் கண்டுகொண்டு கதவை விட்டார். பிள்ளைகள் உண்டு முடித்ததும், வெறும் தட்டுகளை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு வாயும் உண்ணாத பெரியவர்களோடு கந்தோர் வாசலில் போய் உட்கார்ந்தார். அரசாங்க லொறி அரிசியோடு புறப்பட்ட பிறகே எழுந்தார்.