எஞ்சின் வீட்டில் இருக்கிறது

மலைமேல் இருக்கும் தேன்கொம்பையில் முட்டாள் என்று ஒருவர்கூடக் கிடையாது. ஒருநாள் டீக்கடையில் எல்லோரும் கூடி உட்கார்ந்து, கை தூக்கி, ஏகமனதாக முடிவு செய்த விஷயம் அது.

அந்த ஊர்க் கோதண்டத்திடம் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, மூக்கு மட்டும் முதலை மாதிரி நீளம். ஊரைவிட்டுப் போன எஸ்டேட் மேனேஜர் விற்றுவிட்டுப் போனது. வாங்கிய வருஷம் ஓடியது. அப்புறம் கொட்டகையில் நின்றுவிட்டது.

அடிவாரத்தில் இருக்கும் சகலை பூபதி அதை ஒருமுறை பார்த்துவிட்டு, "கோழி அடைக்க வசதியா இருக்கும் சகலை" என்றார். கோதண்டம் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது அதே பூபதியின் மகளுக்குக் கல்யாணம்.

"கல்யாணத்துக்கு நான் அந்தக் கார்லதான் போய் இறங்கணும்" என்றாள் மனைவி சௌந்தரம். "இல்லேன்னா மறுநாள் அந்தக் கொட்டகையில எருமை நிக்கும்."

கோதண்டம் கோயமுத்தூர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவர் பொறுமையாகச் சொன்னார்: "சூடு ஆறினப்புறம் எஞ்சினைக் கழட்டுங்க. வெளியே எடுத்து வெச்சுட்டு நாலு பேரா உட்கார்ந்து யோசிங்க. பழைய எஞ்சினையே பிரிச்சு ரிப்பேர் பண்றதா, வேற எஞ்சின் போடறதான்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. பிரேக் நல்லா இருக்கான்னும் பாருங்க."

நண்பர்கள் மருதாசலமும் பெனடிக்ட்டும் வந்தார்கள். பல வருஷமாக ஓடாத எஞ்சினை அவர்கள் ஒரு நாள் முழுக்க விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"ஜில்லுனுதானே இருக்கு?" என்றார் கோதண்டம்.

"அது வெளிச்சூடு. உள்சூடு யாருக்குத் தெரியும்" என்றார் மருதாசலம்.

மறுநாள் கழற்றி முற்றத்தில் வைத்தார்கள். யோசிக்க உட்கார்ந்தபோது பெனடிக்ட் எண்ணிப் பார்த்தார். "அண்ணே, நாம மூணு பேர்தான் இருக்கோம். மெக்கானிக் நாலு பேர்னு சொன்னாரே."

மருதாசலம் எஞ்சினைக் காட்டினார். "இதையும் சேர்த்துக்கலாம். இதைப் பத்தின பேச்சு, இதை ஒதுக்கி வெச்சுட்டுப் பேசறது நியாயமில்லை."

எஞ்சினை ஒரு மணையில் ஏற்றி வைத்துக் கூட்டத்தைத் தொடங்கினார்கள்.

"பழசையே ரிப்பேர் பண்ணலாம். கூடவே இருந்து பழகினது" என்றார் பெனடிக்ட்.

"கூடவே இருந்துதானே ஓடாமப் போச்சு? வேற போடணும்" என்றார் மருதாசலம்.

இரண்டுமே கோதண்டத்துக்குச் சரியாகப் பட்டன. சின்ன வயதிலிருந்தே அவருக்கு இந்தத் தொல்லை உண்டு. யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவர் சொல்வது சரி என்று தோன்றும். கடைசியாக எஞ்சினைப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் சரி என்றே தோன்றியது.

முருகன் கோயிலில் பூக் கேட்பது என்று முடிவானது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்துச் சாமி முன்னால் போட்டார் பூசாரி. கோதண்டம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சரி, வெள்ளைன்னா எது? ரிப்பேரா, புதுசா?" என்றார் கோதண்டம்.

மருதாசலம் பெனடிக்ட்டைப் பார்த்தார். பெனடிக்ட் பூசாரியைப் பார்த்தார்.

"அதை நீங்கதான்யா முன்னாடியே நினைச்சுக்கணும்" என்றார் பூசாரி.

வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு மறுபடி பூப் போட்டார்கள். அதற்கும் வெள்ளையே வந்தது. சாமி உறுதியாக இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள், எருமைக்கு இடம் பார்க்கச் சௌந்தரம் கொட்டகைக்கு வந்தாள். "முதல்ல இதை வெளியே தள்ளுங்க."

கோதண்டம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள மற்ற இருவரும் தள்ளினார்கள். வாசல் தாண்டியதும் இறக்கம். கார் நகர்ந்தது. அப்புறம் ஓடியது. தபால் ஆபீஸைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, புகையில்லாமல், இருமல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய், மேடு வந்ததும் தானாக நின்றது.

ஓடி வந்த மருதாசலம் மூச்சு வாங்கினார். "எஞ்சின் இருந்தப்போ இது இப்படி ஓடியிருக்கா?"

கோதண்டம் இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இல்லை."

"அப்போ கோளாறு எதுல?"

வாழ்க்கையில் முதல்முறையாகக் கோதண்டத்துக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே வரவில்லை. மெக்கானிக்குக்குப் போன் செய்து, "ரிப்பேரும் வேண்டாம், புதுசும் வேண்டாம். குணமாயிடுச்சு" என்றார். பிரேக்கை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

அந்த மேட்டைத் தாண்டினால் அடிவாரம் வரை இறக்கம்தான். இறக்கம் முடிகிற இடத்தில் கல்யாண மண்டபம். பட்டுப்புடவையோடு சௌந்தரம் ஏறி உட்கார்ந்தாள். நண்பர்கள் ஒரு தள்ளு தள்ளிவிட்டு பஸ் பிடித்தார்கள். வளைவுக்கு வளைவு பிரேக் கிறீச்சிட்டது. சௌந்தரம் அதை ஹார்ன் என்று நினைத்துப் பெருமைப்பட்டாள்.

பந்தலுக்கு முன்னால் பூனைபோல வந்து நின்றது பச்சைக் கார். நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை ஒரு நொடி நிறுத்தினார்.

"சத்தமே வரலையே சகலை" என்றார் பூபதி.

"நல்ல வண்டி சத்தம் போடாது" என்றார் கோதண்டம்.

பூபதிக்குப் பொறுக்கவில்லை. பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தார். உள்ளே தரை தெரிந்தது. "எஞ்சின் எங்கே?"

"வீட்ல இருக்கு. கல்யாணம் காட்சிக்கெல்லாம் அதை எடுத்துட்டு வர்றதில்லை."

பூபதி நிமிர்ந்து தன் காரைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "நான் காய்கறி வாங்கப் போனாலும் எஞ்சினையும் கட்டி இழுத்துக்கிட்டுத்தான் போறேன்" என்றார் மெதுவாக.

மறுநாள் பொண்ணு மாப்பிள்ளைக்குத் தேன்கொம்பையில் விருந்து. சௌந்தரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, மூன்று பேரும் பச்சைக் காரை மலைமேல் தள்ளினார்கள். முதல் வளைவிலேயே சட்டை நனைந்துவிட்டது.

"எஞ்சின் மட்டும் உள்ளே இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார் பெனடிக்ட்.

"நினைச்சே பார்க்காதே" என்றார் மருதாசலம். "அந்தக் கனத்தையும் சேர்த்து யார் தள்றது?"

காருக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு மூவரும் நின்றார்கள். கோதண்டம் திரும்பிப் பார்த்தார். கீழே, பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு உள்ளே உட்கார்ந்திருக்க, நன்றாக ஓடுகிற தன் காரைச் சத்தம் வரக்கூடாது என்று அணைத்துவிட்டு, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார் பூபதி.

கோதண்டத்துக்கு மனசு கேட்கவில்லை. பழைய கோபமெல்லாம் போய்விட்டது.

"பாவம்" என்றார். "எஞ்சினோட தள்றார்."