உழவாரன் உட்காராத கதை

பறவைகளுக்குப் பேச்சும் சூரியனுக்கு மூக்கின் மேல் கோபமும் இருந்த அந்தக் காலத்தில், பனை உழவாரன் குருவிக்கு நல்ல நீளக் கால்கள். எல்லாரையும் போல அவனும் கிளையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவான்.

சூரியன் கோபித்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு புயலைக் காறி உமிழும். அது வானத்து உச்சிக் காற்றில் வந்து மோதினால் போச்சு, வலசை போகும் பறவைகளுக்குத் திசை குழம்பிவிடும். கோடியக்கரைப் பூநாரைகளின் தலைவி செங்காலி உழவாரனைத் தேடி வந்தாள்.

"நீ ஒருத்தன்தான் அவ்வளவு உயரம் போவாய். மேலே சுற்றிக்கொண்டே இருந்து, புயல் வருமுன் ஒரு குரல் கொடுப்பா."

"ப்பூ, இதெல்லாம் ஒரு வேலையா!" என்று கிளம்பியவன், காற்று முடியும் இடத்துக்குப் போய் பூமியைச் சுற்றினான். நான்காம் நாள் சூரியனின் முகத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. மச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, சிறகு வலிக்கிறதே என்று பனையில் இறங்கிக் கண்ணயர்ந்தான், மடையன்! அந்தப் புள்ளியிலிருந்துதான் புயல் கிளம்பியது. பறந்துகொண்டிருந்த செங்காலியின் மகன் திசை தவறிக் கடலுக்குள் போனான். திரும்பவே இல்லை.

செங்காலி திட்டவில்லை. "என் பிள்ளை எங்கேடா?" என்று மட்டும் கேட்டாள்.

உழவாரனுக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. "இனி நான் உட்கார்ந்தால் ஏனென்று கேள்!" என்று அழுதபடி மேலே போனான்.

பறந்துகொண்டே தின்றான், பறந்துகொண்டே தூங்கினான். ஒரு வருடம் ஓடியது. மறுபடி அதே கரும்புள்ளி! பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பளிச்சென்று வெடித்தது. உச்சிக் காற்று பால் பொங்குவது போலப் பொங்கியது. உழவாரன் புயலை முந்திக்கொண்டு கீழே பாய்ந்தான்.

"எழும்பாதீர்கள்! யாரும் எழும்பாதீர்கள்!"

கடல் தாண்டச் சிறகு விரித்திருந்த பத்தாயிரம் பூநாரைகளும் சேற்றிலேயே நின்றன. புயல் வந்தது, தலைக்கு மேல் ஆட்டம் போட்டது, ஓய்ந்தது. ஒரு குஞ்சுகூடக் காணாமல் போகவில்லை. செங்காலி தன் சிறகைத் தூக்கிப் பார்த்தாள். அந்த வருடம் பிறந்த மகள் பத்திரமாக நின்றாள். கோடியக்கரையே அதிரும்படி பூநாரைகள் ஆர்ப்பரித்தன.

"ஜெயிச்சுட்டேடா! வா, வந்து உட்காரு," என்று கூப்பிட்டாள் செங்காலி.

உழவாரன் தன் கால்களைப் பார்த்தான். உட்காராமலே இருந்ததில் அவை சுருங்கி இத்துனூண்டு ஆகியிருந்தன. அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. "உட்கார எனக்கேது நேரம்? சூரியனை யார் பார்ப்பது?" என்று விர்ரென்று ஏறினான்.

அன்று முதல்தான் உழவாரன் தரையிலும் கிளையிலும் உட்காருவதில்லை. பிற்பாடு மனிதன் மேலே அனுப்பிய செயற்கைக்கோளும் அவனிடம் பாடம் படித்ததுதான். சூரியன் முகத்தில் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தபடி, அதுவும் உட்காராமல் சுற்றுகிறது.