பலாப்பாலில் ஒட்டிய அலகு

மிருகமும் பறவையும் மனுஷரைவிட அதிகமாக வாயடித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் ஒரு கரடி பலாக்கன்றுப் பண்ணை வைத்திருந்தது. விதைக்குக் குழி போடும் வேலை கொண்டலாத்திகளுக்கு. அப்போது அவற்றுக்குச் சிட்டுக்குருவிபோலக் குட்டை அலகு. நெஞ்சு மண்ணில் தேய, கழுத்தை மடக்கிக் குத்தினால்தான் குழி விழும். தலைக்கொண்டையை விரிக்கவும் கூடாது, அது திமிராம்! இத்தனையும் செய்தால்தான் பண்ணை மரத்தில் குடியிருக்க ஒரு பொந்து.

மருதாயி என்ற கொண்டலாத்தியின் அக்காவுக்குப் போன மழைக்காலத்தில் கழுத்து கோணிக்கொண்டது. மறுநாளே அவளைப் பொந்திலிருந்து விரட்டிவிட்டது கரடி. இப்போது மருதாயிக்கும் கழுத்தில் சுளீர் சுளீரென்று வலித்தது. அவள் பொந்திலோ நாலு முட்டை. பயமாக இருந்தது அவளுக்கு. பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

லேசாக வளைந்த இரண்டு மூங்கில் சிம்புகளை எடுத்து, மேலலகில் ஒன்றும் கீழலகில் ஒன்றுமாக நாரால் கட்டிக்கொண்டாள். நின்றபடியே ஒரு குத்து. குழி! நடந்துகொண்டே இன்னொன்று. அட, இவ்வளவுதானா! உச்சிவெயிலுக்குள் இரண்டு பாத்தி முடிந்தது.

கரடி ஓடிவந்தது. "என்னடி கூத்து இது? கழட்டு!"

"ஏன் ஐயா, குழி ஆழம் பத்தலையா?"

"ஆழமெல்லாம் சரிதான். உடம்பு நோகாம செய்யறது ஒரு வேலையா? பொழுது சாயறதுக்குள்ள கழட்டலேன்னா பொந்தைக் காலி பண்ணு."

மருதாயி நேரே பலாமரத்துக்குப் போனாள். நாரை அவிழ்த்தாள். பட்டையைக் கொத்தி, வடிந்த பாலை அலகு முழுக்கப் பூசி, சிம்புகளை அழுத்தி ஒட்டினாள். பலாப்பால் ஒட்டினால் லேசில் விடுமா? காயும்வரை வாயையே திறக்கவில்லை. பிறகு கரடியின் முன்னால் போய்க் கொண்டையை முழுசாக விரித்து நின்றாள்.

"ஐயா, இனி இது கழலாது. பொந்தையும் விடமாட்டேன். அதை மரம் குடுத்துச்சு, நீங்க குடுக்கலே."

"விட்டேனா பார்!" என்று கரடி மரத்தில் நகத்தைப் பதித்தது.

பின்னால் சிறகுச் சத்தம். பண்ணையிலிருந்த கொண்டலாத்திகள் அத்தனையும் சிம்பு ஒட்டிய அலகில் பலாப்பால் சொட்ட வந்து இறங்கின. கோணல் கழுத்தோடு முன்னால் நின்றது அக்கா.

"மொதல்ல என்னைத் தூக்கி எறிங்க, பார்ப்போம்!"

மேற்கே இடி உறுமியது. கூடையில் பலாக்கொட்டைகள் அழுகத் தொடங்கியிருந்தன. இன்றைக்கு ஊன்றாவிட்டால் பண்ணையே கிடையாது. கரடி கொட்டையைப் பார்த்தது, கொண்டைகளைப் பார்த்தது. நகத்தை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி போய்விட்டது.

அந்த நாளிலிருந்துதான் கொண்டலாத்திக்கு நீள அலகு. நடந்துகொண்டே மண்ணைக் குத்தும், பாருங்கள். யாராவது கிட்டே போனால் சட்டென்று கொண்டையை விரிக்கும். ஒய்யாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 'கழட்ட மாட்டேன், போ!' என்கிறது.